சேலத்தில் நான் போகும் முடக்குவாத கிளினிக்: தொற்றை எப்படிப் பார்க்கிறார்கள்?

சேலத்தில் சில வருடங்களாக நான் போய்வரும் முடக்குவாத கிளினிக்கைப் பற்றி எழுதுகிறேன். பெயர் போடவில்லை. நிறையோடு குறையும் சொல்லப்போகிறேன், அதனால் பெயர் வேண்டாம். தவிர, வேறு ஊரில் வேறு டாக்டரிடம் போகிறவர்களும் இதைப் படித்துவிட்டு, தங்கள் இடத்தில் இதெல்லாம் நடக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

எனக்கு வயது 54. வீட்டிலேயே கிரைண்டர் வைத்து இட்லி மாவு விற்கிறேன். முடக்குவாதம், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் நோய், வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் அம்மா தலைமுறையில் இதைச் சரவாங்கி என்பார்கள். வாரத்தில் ஒரே ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட், மறுநாள் ஃபோலிக் ஆசிட், தினமும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், காலையில் 5 மி.கி. பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. இவை போதாமல் இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடலிமுமாப் ஊசியும் போட்டுக்கொள்கிறேன்.

இந்த மருந்துகளை எழுதிக்கொடுக்க எத்தனையோ இடம் இருக்கிறது. வீக்கமும் வலியும் பெரும்பாலும் எங்கே போனாலும் குறையும். ஆனால் இதில் பல மருந்துகள் உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கித்தான் மூட்டைக் காப்பாற்றுகின்றன. நோயும் தன் பங்குக்கு அந்தச் சக்தியைக் குழப்பி வைத்திருக்கிறது. அதனால் எங்களைப் போன்றவர்களுக்குச் சின்னச் சின்னத் தொற்றுகள் வந்து தங்கிவிடும், போனது மாதிரி போய்த் திரும்ப வரும். அதைத் தேடிப் பார்க்கிறார்களா, வந்தால் என்ன செய்கிறார்கள் என்பதை வைத்துத்தான் நான் ஒரு வாத கிளினிக்கை எடைபோடுவேன். அந்தக் கணக்கில் இந்த இடத்துக்கு நல்ல மதிப்பெண் கொடுப்பேன்.

முதல் தடவை போனபோதே வித்தியாசம் தெரிந்தது. டாக்டரைப் பார்க்கும் முன் ஒரு சிஸ்டர் தனி அறைக்குக் கூட்டிப்போனார். "செருப்பைக் கழட்டிட்டு இப்படி உட்காருங்க அக்கா" என்றார். மூட்டு வலிக்கு வந்தவளிடம் செருப்பைக் கழட்டச் சொன்னவர்கள் அதற்கு முன் யாரும் இல்லை. கால் விரல் ஒவ்வொன்றையும் பிரித்து இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தார். சேற்றுப்புண் இருந்தது. குதிகால் வெடிப்பைத் தடவிப் பார்த்தார். அப்புறம் கை விரல்கள். வலது கையில் மூன்று விரலில் நகத்தடி எப்போதும் உப்பிச் சிவந்தே இருக்கும். மாவு வேலை செய்பவர்களுக்கு நகச்சுற்று புதிதல்ல. எலுமிச்சம்பழத்தில் ஓட்டை போட்டு விரலைச் செருகி வைத்துக்கொண்டு வேலையைப் பார்ப்போம். சிஸ்டர் நகத்தின் அடித்தோலைக் காட்டினார். நகமும் சதையும் சேரும் இடத்தில் மெல்லிய ஒரு தோல் மூடி இருக்க வேண்டுமாம், எனக்கு அது கரைந்தே போயிருந்தது. அந்தச் சந்து வழியாகத்தான் தண்ணீரும் கிருமியும் பூஞ்சையும் உள்ளே போகின்றன என்றார். டாக்டர் சொன்னது இன்னும் முக்கியம்: முடக்குவாதக்காரர்களின் மூட்டுக்குள் சீழ் பிடிப்பதற்குப் பல நேரம் தொடக்கம் இப்படித் தோலில் இருக்கும் ஒரு சின்ன வழிதான். தோலில் கிடக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா ரத்தத்தில் கலந்து, ஏற்கெனவே பழுதான மூட்டாகப் பார்த்துத் தங்கும்.

நகத்துக்குத் தோல் டாக்டரிடம் அனுப்பினார்கள். களிம்பைவிட, கையை ஈரமில்லாமல் வைப்பதுதான் பெரிய வைத்தியமாக இருந்தது. உள்ளே பருத்தி உறை, அதன் மேல் ரப்பர் உறை. வெறும் ரப்பர் உறை போட்டால் வியர்வையிலேயே விரல் ஊறிவிடும் என்று சிஸ்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். உளுந்து கழுவும் வேலையை என் மருமகள் எடுத்துக்கொண்டாள். சரியாகப் பல மாதம் பிடித்தது. நகச்சுற்றுதானே என்று இங்கே யாரும் தள்ளிவிடவில்லை, ஒவ்வொரு தடவையும் விரலைப் பிடித்துப் பார்த்தார்கள்.

ஊசி ஆரம்பிப்பதற்கு முன் செய்த சோதனைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதில் அலட்சியம் இருந்தால் உயிருக்கே ஆபத்து.

டிபி கிருமி நம் ஊரில் நிறையப் பேர் உடம்பில் நோய் எதுவும் கொடுக்காமல் தூங்கிக்கொண்டிருக்கிறது. 2019 முதல் 2021 வரை நாடு முழுக்க எடுத்த கணக்கெடுப்பில் 15 வயது தாண்டியவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு இந்தத் தொற்று இருப்பது தெரியவந்தது. உடம்பு அந்தக் கிருமியைச் சுற்றி மதில் எழுப்பி அடைத்து வைத்திருக்கிறது. அந்த மதில் நிற்பதற்கு டி.என்.எஃப். என்ற புரதம் வேண்டும். அடலிமுமாப், இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற ஊசிகள் அடக்குவது அதே டி.என்.எஃப்.பைத்தான். மூட்டு வீக்கம் வற்றும், கூடவே மதிலும் சரியலாம். இன்ஃப்ளிக்ஸிமாப் போட்டுக்கொண்ட 70 பேருக்கு டிபி வந்த விவரம் 2001இல் ஒரு மருத்துவ இதழில் வெளியானது. அதில் பலருக்கு நுரையீரலுக்கு வெளியேயும் நோய் பரவியிருந்தது. அதன் பிறகு உலகம் முழுவதும் ஊசிக்கு முன் டிபி சோதனை கட்டாயம் போல ஆகிவிட்டது.

எனக்கு மாண்டூ சோதனை செய்தார்கள். முன்கையின் உள்பக்கம் தோலுக்குள் ஒரு சின்ன ஊசி. இரண்டு நாள் கழித்துப் போனபோது சிஸ்டர் பார்த்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. சிவப்பை அவர் கண்டுகொள்ளவே இல்லை. பால்பாயிண்ட் பேனாவை வெளியிலிருந்து தடிப்பை நோக்கி மெதுவாக இழுத்துக்கொண்டு வந்தார். தோல் கெட்டியாகத் தொடங்கும் இடத்தில் பேனா நின்றது. இந்தப் பக்கம் ஒரு கோடு, அந்தப் பக்கம் ஒரு கோடு. நடுவில் ஸ்கேல் வைத்தார்: 8 மில்லிமீட்டர். சாதாரண ஆளுக்கு 10 தாண்டினால்தான் பாசிட்டிவ் என்பார்கள், ஆனால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுகிறவருக்கு 5 இருந்தாலே பாசிட்டிவ் என்று டாக்டர் விளக்கினார். ஸ்டீராய்டு அதிகம் எடுப்பவர்களுக்கு உள்ளே கிருமி இருந்தும் தடிப்பு வராமலே போகலாம். அதனால் இந்த ஒரு சோதனையை மட்டும் நம்பாமல் மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள். இருமல், சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடை குறைவு உண்டா என்று கேட்டார்கள். வீட்டில் யாருக்காவது டிபி இருந்ததா என்றும் கேட்டார்கள். என் மாமனார் டிபியில்தான் போனார். கடைசி வரை அவருக்குக் கஞ்சி ஊற்றியது நான்.

எக்ஸ்ரேயில் நோய் இல்லை. உறங்கும் கிருமிக்கு ஐசோநையாசிட் மாத்திரை ஆறு மாதம், கை கால் எரிச்சல் வராமலிருக்கக் கூடவே பி6 வைட்டமின். ஒரு மாதம் அதைச் சாப்பிட்ட பிறகே முதல் ஊசி. வலி தாங்காமல் "இப்பவே போட்டுடுங்களேன் சார்" என்று கேட்டேன், அவர் அசையவில்லை. இப்போது அவர் பிடிவாதத்துக்கு நன்றி சொல்கிறேன். ஐசோநையாசிடும் மெத்தோட்ரெக்ஸேட்டும் இரண்டுமே ஈரலைப் படுத்தக்கூடியவை. அதனால் மாதாமாதம் ஈரல் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். இந்தத் தடுப்பு மருந்து அரசுக் காசநோய்த் திட்டத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. 2021இல் வந்த தேசிய வழிகாட்டுதலில் டி.என்.எஃப்.பை அடக்கும் ஊசி போடுகிறவர்களும் பட்டியலில் இருக்கிறார்கள். அதையும் கிளினிக்கே சொல்லி, கடிதம் கொடுத்து அனுப்பியது. தன் மருந்துக்கடையிலேயே வாங்கச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

அதே ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. சோதனைகளும் ஆயின. ஹெபடைட்டிஸ் பி எப்போதோ வந்து போன தடயம் இருக்கிறதா என்பதற்குத் தனிச் சோதனை உண்டு. சில மருந்துகளில், முக்கியமாக ரிட்டுக்ஸிமாபில், ஆறிப்போன அந்த வைரஸ் மறுபடி எழும்பி ஈரலைத் தாக்கும் என்பதால் அதையும் விடாமல் பார்க்கிறார்கள்.

இனி அந்த மஞ்சள் அட்டை. இந்த கிளினிக்கில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பஸ் பாஸ் அளவு, தமிழில் அச்சடித்தது. காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால், சளி பச்சையாக வந்தால், நீர்க்கடுப்பு வந்தால், புண்ணில் சீழ் வைத்தால் உடனே போன் செய்ய வேண்டும். ஆன்டிபயாட்டிக் தேவைப்படும் தொற்று என்றால் மெத்தோட்ரெக்ஸேட்டையும் ஊசியையும் நிறுத்தி வைக்க வேண்டும். மருந்து முடிந்து உடம்பு தேறிய பிறகு, கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை விட வேண்டாம். பிரெட்னிசலோனைத் தானாக நிறுத்தவே கூடாது. இந்தக் கடைசி வரி மட்டும் தடித்த எழுத்தில் இருக்கிறது. பல நாள் ஸ்டீராய்டு சாப்பிட்ட உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதைக் குறைத்துக்கொள்கிறது. காய்ச்சல் நேரத்தில்தான் உடம்புக்கு அது அதிகமாகத் தேவை. அந்த நேரம் பார்த்து "எல்லா மாத்திரையும் நிறுத்திடுங்க" என்று யாராவது சொல்லி நாமும் நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து ஆளே சாய்ந்துவிடலாம்.

இந்த அட்டை என்னைக் காப்பாற்றிய நாள் ஒன்று உண்டு. எனக்குச் சிறுநீர்த் தொற்று அடிக்கடி வரும். ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போன இடத்தில் எரிச்சலும் குளிரும் தாங்கவில்லை. அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் காட்டினோம். அவசரத்தில் என் மாத்திரைகளைக் கேட்காமலே சீட்டு எழுதினார்கள். மாத்திரையைப் போடும் முன் அட்டையில் இருந்த எண்ணுக்குப் பேசினேன். சிஸ்டர் மாத்திரைப் பெட்டியில் உள்ள பெயரைப் படிக்கச் சொல்லவில்லை. "பெட்டியை வெச்சுட்டு மாத்திரைப் பட்டையைத் திருப்பி, சின்ன எழுத்தில் என்ன இருக்குன்னு ஒவ்வொரு எழுத்தா சொல்லுங்க அக்கா" என்றார். சொன்னேன். கோ-ட்ரைமாக்ஸசோல்.

"அதை வாயில் போடாதீங்க" என்றார் உடனே. மெத்தோட்ரெக்ஸேட்டும் கோ-ட்ரைமாக்ஸசோலும் இரண்டுமே உடம்பின் ஃபோலேட் என்ற வைட்டமினில் கை வைப்பவை. கோ-ட்ரைமாக்ஸசோல் இருந்தால் மெத்தோட்ரெக்ஸேட் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதும் குறையும். இரண்டும் சேர்ந்தால் எலும்பு மஜ்ஜை சுருண்டு, வெள்ளணு, சிவப்பணு, தட்டணு மூன்றும் விழலாம். வாயெல்லாம் புண் வருவது அதன் முதல் அடையாளங்களில் ஒன்று. அங்கேயே சிறுநீரைக் கல்ச்சருக்கு (எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை) கொடுக்கச் சொன்னார், டாக்டரைக் கேட்டுத் தற்காலிகமாக வேறு மாத்திரை சொன்னார், கல்ச்சர் வந்தபிறகு அதற்கேற்ற மருந்து. மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடும் யாராக இருந்தாலும் இந்த ஒரு பெயரை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நீர்க்கடுப்புக்கு இது சகஜமாக எழுதப்படும் மாத்திரை, விலையும் மலிவு.

அப்புறம் என் வலது முழங்கால். ஒரு நாள் காலையில் அது மட்டும் பந்து போல் வீங்கி, தொட்டால் சுட்டது. மற்ற மூட்டெல்லாம் அமைதியாக இருந்தன. மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டால் மறுநாளே நடக்கலாம் என்று தெரியும், அதைத்தான் கேட்கப் போனேன். டாக்டர் முதலில் ஊசியால் நீரை உறிஞ்சினார். தெளிவாக இல்லாமல் கலங்கி மஞ்சளாக இருந்தது. அதைக் கல்ச்சருக்கு அனுப்பிவிட்டு, "முடக்குவாதக்காரங்களுக்கு ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீர்னு வீங்கினா, கிருமி இல்லைன்னு தெரியற வரைக்கும் கிருமின்னுதான்மா நான் நினைப்பேன்" என்றார். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. அளவுகள் ஏறியிருந்தாலும் அதை வைத்து முடிவு சொல்ல முடியாது. நோய் சீறினாலும் ஏறும், தொற்று வந்தாலும் ஏறும். டோசிலிசுமாப் என்ற இன்னொரு வாத மருந்து போடுகிறவர்களுக்கோ உள்ளே தொற்று இருக்கும்போதே சி.ஆர்.பி. சாதுவாகக் காட்டும். என் கல்ச்சரில் கிருமி வளரவில்லை. அதன் பிறகுதான் முழங்காலுக்கு ஸ்டீராய்டு கிடைத்தது. நடுவில் இருந்த நாட்கள் கொடுமைதான், இருந்தாலும் அந்த வரிசை சரியான வரிசை.

பல்லையும் கேட்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஈறில் ரத்தம் வருகிறதா, பல் ஆடுகிறதா, வாய் நாறுகிறதா என்று வருடா வருடம் கேட்டு, பல் டாக்டரிடம் அனுப்புகிறார்கள். ஈறு நோயில் இருக்கும் போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற பாக்டீரியா, புரதங்களை மாற்றிவிடும் ஒரு நொதியை உண்டாக்குகிறது. முடக்குவாதத்தில் உடம்பு எதிர்த்துச் சண்டை போடுவதும் அதே விதமாக மாறிய புரதங்களோடுதான். ஈறு நோய்க்கும் மூட்டு நோய்க்கும் உள்ள உறவை ஆராய்ச்சியாளர்கள் பல வருடமாகத் துருவிக்கொண்டிருக்கிறார்கள். எது எப்படியோ, வாயில் நாள்பட்ட சீழை வைத்துக்கொண்டு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஊசி போடுவது சரியில்லை என்பது எனக்கே புரிகிறது. எனக்கு இரண்டு சொத்தைப் பல்லை எடுத்தார்கள்.

தடுப்பூசிகளுக்குத் தனி நோட்டு வைத்திருக்கிறார்கள். ஃப்ளூ ஊசி வருடத்துக்கு ஒன்று. அதைப் போட்ட பிறகு, மூட்டு அமைதியாக இருந்தால் இரண்டு வாரம் மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்தச் சொல்கிறார்கள், ஊசி நன்றாகப் பிடிக்குமாம். நிமோனியா ஊசியும் உண்டு. உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசிகள் எங்களுக்கு ஆகாது. அக்கிக்கு உயிரற்ற வகைத் தடுப்பூசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது, இரண்டு தவணை. விலை கூடுதல்தான், நான் இன்னும் போடவில்லை. டோஃபாசிடினிப் என்ற வாத மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அக்கி அதிகம் வருகிறது என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அதன் கீழே ஒரு வரி: கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் வைரஸை அடக்கும் மாத்திரை தொடங்க வேண்டும். எங்கள் பக்கம் இன்றைக்கும் குயவர் வீட்டுக்குப் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். டாக்டர் அதைக் கேவலமாகப் பேசுவதில்லை. எழுதிக்கொள்ளப் போகிற வழியில் முதலில் இங்கே வந்து மாத்திரையை வாங்கிப் போங்கள் என்கிறார். அப்படிப் பேசினால்தான் எங்கள் சனம் கேட்கும்.

இனி குறைகள். காத்திருக்கும் கூடத்தை நினைத்தாலே எனக்குக் கோபம் வரும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களாகப் பார்த்து, ஜன்னலை மூடி ஏசி போட்ட ஒரே அறையில், தோளோடு தோள் இடிக்க மணிக்கணக்கில் உட்கார வைக்கிறார்கள். இருமுகிறவரும் அங்கேதான், நேற்று ஊசி போட்டுக்கொண்டவரும் அங்கேதான். உள்ளே தொற்றைப் பற்றி இவ்வளவு அக்கறை காட்டும் ஒரு இடம் வெளியே இப்படி இருக்கக் கூடாது. எழுதிக் கொடுத்தேன். இப்போது வாசலிலேயே இருமல், காய்ச்சல் கேட்டு மாஸ்க் கொடுத்து வராண்டா பெஞ்சில் உட்கார வைக்கிறார்கள். ஜன்னல் மட்டும் இன்னும் திறந்தபாடில்லை.

நாற்காலிகள் கைப்பிடி இல்லாத தாழ்வான ஸ்டீல் வரிசை. முழங்கால் போனவர் எழுவதற்கு இரண்டு பேர் வேண்டும். கழிவறைக் குழாய் திருகும் வகை. விரல் மடங்காதவர்களுக்கான ஆஸ்பத்திரியில் நெம்பு வகைக் குழாய் போட என்ன பெரிய செலவு? கையைச் சரியாகக் கழுவ முடியாமல் வெளியே வருகிற பாட்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

கன்சல்டிங் 500 ரூபாய். போனில் பேசுவதற்குக் காசு இல்லை. ரத்தப் பரிசோதனையை வெளியில் எடுத்தாலும் முகம் சுளிக்காமல் பார்க்கிறார்கள். போன் சாயங்காலம் 7 மணி வரைதான், ஞாயிறு கிடையாது. என் கணக்கில் இது பெரிய குறை. காய்ச்சல் ஞாயிறு பார்த்து ஒதுங்கிப் போவதில்லை. வாட்ஸ்அப்பில் செய்தி போட்டால் திங்கள் காலையில்தான் பதில். இதற்கு ஒரு ஏற்பாடு செய்யும் வரை முழு மதிப்பெண் தர மாட்டேன்; ஐந்துக்கு நான்கு.

புதிதாகப் போகிறவர்கள் புதன் அல்லது வியாழன் போங்கள், சனிக்கிழமை கூட்டம் தெருவரை நிற்கும். பழைய எக்ஸ்ரே, சாப்பிடும் எல்லா மாத்திரையின் பட்டை, போட்ட தடுப்பூசிச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். நகத்தில் மருதாணியும் பாலிஷும் இல்லாமல் போங்கள், நகத்தைப் பார்க்காமல் விடமாட்டார்கள்.